புகுந்த வீடு இல்லாத பெண்கள்

1352ஆம் ஆண்டு. சஹாராப் பாலைவனத்தை வணிகக் கூட்டத்தோடு கடந்து, இன்றைய மொரித்தானியாவில் உள்ள வலாத்தா என்னும் ஊரை வந்தடைகிறார் இபின் பதூதா. அதற்குள் அவர் பாதி உலகைப் பார்த்து முடித்திருந்தார். தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்து தீர்ப்பு வழங்கியவர். மதுரை சுல்தானகத்தையும் நேரில் கண்டவர். வலாத்தாவின் மஸூஃபா மக்கள் முஸ்லிம்கள். தொழுகையைப் பேணுபவர்கள், மார்க்கச் சட்டம் பயில்பவர்கள், குர்ஆனை மனனம் செய்பவர்கள். ஆயினும் அங்கே ஒருவன் தன் தந்தையின் பெயரால் அறியப்படாமல் தாய்மாமனின் பெயரால் அறியப்பட்டான். இறந்தவனின் சொத்து அவன் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. இப்படியொரு வழக்கத்தை மலபாரின் முஸ்லிம் அல்லாத மக்களிடமன்றி வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று அவர் வியந்து எழுதினார்.

அதே மலபாரில் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் மருமக்கத்தாயத்தைக் கைக்கொண்டு வாழ்ந்தன என்பதைப் பிற்கால வரலாறு நமக்குச் சொல்கிறது. பயணியின் வியப்பைக் குறை கூறுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் நாம் அதே வியப்பில்தான் நிற்கிறோம் என்பதே நமது கவலை. இவ்வளவு தொழுகிற மக்களிடம் இப்படியொரு வழக்கமா என்று ஒருசாரார் முகம் சுளிக்கின்றனர். இப்படியொரு வழக்கம் உள்ள மக்கள் உள்ளபடியே நம்மவர்கள்தாமே, இடையில் வந்த மதம் மேற்பூச்சுதானே என்று இன்னொரு சாரார் மகிழ்கின்றனர். எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இவ்விருவரும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகிறார்கள். இஸ்லாம் என்பது அரேபியாவில் முழுமையாக முடிந்துபோன ஒன்று, மற்ற நிலங்களில் காணப்படுவதெல்லாம் அதன்மேல் ஒட்டிய தூசு என்பதே அந்த அடிப்படை. தூசியைத் தட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். தூசிதான் உண்மை என்கிறார் மற்றவர்.

தமிழிலேயே இந்த எண்ணத்துக்கு மறுப்பு இருக்கிறது. பள்ளி என்ற சொல் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. அதுவே பள்ளிவாசல் ஆயிற்று. நோன்பும் தொழுகையும் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த சொற்கள் அல்ல. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடியபோது அரபு நாட்டுக்கும் ஒரு நாட்டுப்படலம் வகுத்து, அங்கே மழை பொழியச் செய்து, ஆறு பெருகச் செய்து, வயல் விளையச் செய்தார். இவற்றைக் கலப்படம் என்று எந்த முஸ்லிமும் எண்ணியதாகத் தெரியவில்லை. மொழியில் நாம் எளிதாக ஏற்றுக்கொள்ளும் இந்த உறவு சொத்து, திருமணம், வீடு என்று வரும்போது ஏன் நெருடுகிறது? காரணம் எளியது. சொல்லில் யாருக்கும் இழப்பில்லை. வீட்டில் உண்டு.

எனவே வீட்டைப் பற்றியே பேசுவோம்.

தமிழில் பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு உண்டு. முதல் வீட்டில் அவள் விருந்தாளி, இரண்டாவதில் அந்நியள் என்பது நம் கதைகளில் பாதியின் கருப்பொருள். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது நம்மில் பெரும்பாலோருக்கு ஏளனச் சொல். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. அங்கே மணமானதும் பெயர்ந்து செல்பவன் ஆண். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. ஒரு தெருவில் தாயும் பெண்மக்களும் அவர்தம் பெண்மக்களும் அடுத்தடுத்து வாழ, ஆண்கள் வந்து சேர்கிறார்கள். கோழிக்கோட்டின் குற்றிச்சிறை வட்டாரத்துப் பழைய கோயா குடும்பங்களில் மணமகன் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் 'புதியாப்பிள'தான். மனைவியின் தறவாட்டில் அவளுக்கென ஒதுக்கப்பட்ட அறைக்கு வருபவன். கண்ணூரின் அரக்கல் அரசகுடும்பத்தில் தாய்வழி மூத்தவரே ஆட்சிக்குரியவர். அவர் ஆணாயின் அலிராஜா, பெண்ணாயின் அரக்கல் பீவி. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்களுக்குத் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்காயர்கள் அந்தக் குடிகளின் பிரதிநிதிகளாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர். அங்கும் வீடு மகளுக்கே.

இந்த ஊர்கள் யாவும் கடலைப் பார்த்து நிற்பவை. ஆண்கள் பருவக்காற்றைக் கணக்கிட்டுக் கொழும்புக்கும் மலாக்காவுக்கும் அரபுக் கரைக்கும் போனவர்கள். போனவர் திரும்பி வர மாதங்களாகும், வராமலும் போகலாம். அப்படிப்பட்ட வாழ்வில் ஒரு பெண்ணைக் கணவனின் உறவினர்களிடையே விட்டுச் செல்வதைவிட அவளுடைய தாயிடமும் சகோதரிகளிடமும் விட்டுச் செல்வது அறிவுடைமை. அதே கடல்வழியில்தான் ஷாஃபிஈ மத்ஹபும் மலபாருக்கும் சோழமண்டலக் கரைக்கும் சுமத்ராவுக்கும் பரவியது. ஆக, கடற்கரை முஸ்லிம்களின் வழக்கமும் மார்க்கமும் ஒரே மரக்கலத்தில் வளர்ந்தவை. ஒன்று முந்தி இருந்த அடித்தளம், மற்றது பின்னர் எழுந்த மாடி என்று இவற்றைப் பிரிப்பது கடினம்.

சட்டம் இதை எப்படிப் பொறுத்தது என்று கேட்கலாம். வாரிசுரிமையில் மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு என்பது குர்ஆனின் தெளிவான விதி. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி ஒருவர் இறந்தபின் எஞ்சும் சொத்தைப் பற்றியது. உயிரோடு இருக்கும்போதே தந்தை தன் மகளுக்கு வீட்டை ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டால் அது அவர் சொத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. பங்கிட அங்கே ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கையில் நேர்மை வேண்டும் என்ற எச்சரிக்கை ஆலிம்களிடம் எப்போதும் இருந்தது. ஆனால் கதவு திறந்தே இருந்தது. வழக்கமே நடுவர் என்னும் கருத்து ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. வெளிப்படையான கட்டளைக்கு முரணாகாதவரை வழக்கத்துக்கு இடமுண்டு என்பதே அதன் எல்லை. அந்த எல்லைக்குள் எவ்வளவு இடமுண்டு என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையை முழுமையாக நடத்திப் பார்த்த ஒரு சமூகம் உண்டு. அது கடலுக்கு அப்பால், மேற்குச் சுமத்ராவின் மலைநாட்டில் வாழும் மினாங்கபாவ் மக்கள். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று சொல்லப்படுபவர்கள், தீவிரமான முஸ்லிம்கள். முன்னோர் நிலமும் பெருவீடும் அங்கே பெண்வழியில் இறங்குகின்றன. உள்ளூர் வழக்கத்தை அவர்கள் 'ஆதாத்' என்பார்கள். அது அரபுச் சொல். மார்க்கத்துக்கு எதிராக நிறுத்தப்படும் வழக்கத்தின் பெயரே மார்க்கத்தின் மொழியிலிருந்து வந்திருக்கிறது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

1803 அளவில் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் மூவர் அங்கே பத்ரி இயக்கத்துக்கு வித்திட்டனர். சூதும் சேவற்சண்டையும் அபினும் மட்டுமின்றி வெற்றிலையும் தடைசெய்யப்பட்டது. பூசல் உள்நாட்டுப் போராயிற்று. 1821இல் ஆதாத் தலைவர்களின் பக்கம் டச்சுக்காரர்கள் நுழைந்தனர். பின்னர் வழக்கத்தாரும் மார்க்கத்தாரும் சேர்ந்து அந்நியரை எதிர்த்தும், 1837இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. எஞ்சியது ஓர் உடன்பாடு: வழக்கம் ஷரீஅத்தின்மேல் நிற்கும், ஷரீஅத் வேதத்தின்மேல் நிற்கும் என்ற கருத்து. வாள் ஏந்தி வந்தவர்களாலும் பெண்ணிடமிருந்து வீட்டைப் பிரிக்க முடியவில்லை.

பேனா ஏந்தியவர்கள் பின்னர் வந்தனர். மக்காவின் பெரிய பள்ளியில் ஷாஃபிஈ இமாமாக உயர்ந்த அஹ்மத் கதீப் ஒரு மினாங்கபாவ் மகன். தம் மக்களின் தாய்வழிச் சொத்து முறை மார்க்கத்துக்குப் புறம்பானது என்று கடுமையாக எழுதி, 1916இல் இறக்கும்வரை அவர் மக்காவிலேயே தங்கிவிட்டார். அவரிடம் பயின்று ஊர் திரும்பியவர் ஹாஜி ரசூல் எனப்படும் அப்துல் கரீம் அம்ருல்லா. சீர்திருத்தத்தில் சற்றும் விட்டுக்கொடுக்காத இந்த மாணவர், சொத்து விஷயத்தில் ஆசிரியரைவிட்டு விலகினார். முன்னோர் நிலம் இறந்தவருடைய தனி உடைமையே அல்ல. அது வக்ஃபு போன்றது. யாருக்கும் சொந்தமில்லாததை வாரிசுகளிடையே பங்கிட முடியாது என்பது அவர் வாதம். 1952இல் புக்கித்திங்கியில் ஆலிம்களும் குலத்தலைவர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். முன்னோர் சொத்து ஆதாத்தின்படி இறங்கும். ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது ஷரீஅத்தின்படி பங்கிடப்படும்.

மலபாரின் சட்ட வரலாற்றை அறிந்தவர்கள் இங்கே நின்று யோசிப்பார்கள். சென்னை மாகாணத்தின் 1918ஆம் ஆண்டு மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழித்தது: தானே ஈட்டியது ஷரீஅத்தின்படி, தறவாட்டுச் சொத்து மருமக்கத்தாயத்தின்படி. ஒருவரையொருவர் கலந்து பேசாத இரு சமூகங்கள் ஒரே தீர்வை எட்டியிருக்கின்றன. மலபாரில் அது நிலைக்கவில்லை என்பதே வேறுபாடு. 1939ஆம் ஆண்டுச் சட்டம் தறவாட்டைப் பங்கு கேட்க வழிவிட்டது. பங்கு பிரிந்ததும் பெருவீடுகள் கரைந்தன.

மினாங்கபாவ் கதையில் நம்மைக் கவர்ந்த இன்னொன்றும் உண்டு. பெருவீடு பெண்களுக்குரியது ஆகையால் வளர்ந்த பையன்களுக்கு அதில் படுக்க இடமில்லை. அவர்கள் இரவில் சூராவ் எனப்படும் தொழுகைக் கூடத்தில் உறங்கினார்கள்; அங்கே குர்ஆன் கற்றார்கள். வளர்ந்தபின் பொருள் தேடியும் கல்வி தேடியும் வெளிநாடு போனார்கள், சிலர் மக்கா வரை. வழக்கம் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிய பிள்ளைகளே மார்க்கத்தின் அறிஞர்களானார்கள். திரும்பி வந்து அந்த வழக்கத்தையே கண்டித்தார்கள். இதைப் பகை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

இதுவரை நாம் வழக்கத்தின் வழக்குரைஞராகவே பேசிவிட்டோம். நேர்மையான வாசகர் இப்போது குறுக்கிட வேண்டும். வழக்கம் எல்லா இடத்திலும் பெண்ணுக்குக் கூரையாக இருந்ததா?

இல்லை. பஞ்சாபில் முஸ்லிம் நிலவுடைமைக் குடும்பங்கள் பின்பற்றிய வழக்கம் மகளை வாரிசுரிமையிலிருந்தே நீக்கியது. ஷரீஅத் கொடுத்த பாதிப் பங்கும் அங்கே அவளுக்குக் கிட்டவில்லை. வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் குரல் கொடுத்தன. அச்சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. நிலமே பெருஞ்சொத்தாக இருந்த நாட்டில் நிலத்தை விலக்கினால் மிஞ்சுவது என்ன? சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து நிலத்தையும் உட்படுத்தியது. ஒரே சட்டம் பஞ்சாப் பெண்ணுக்குக் கொடையாகவும் தாய்வழி வீட்டுப் பெண்ணுக்கு அச்சமாகவும் தோன்றியிருக்கக்கூடும். 'வழக்கம்' என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் இரண்டையும் அடைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நாம் நம்புவதற்கில்லை.

தாய்வழி வீடும் சொர்க்கம் அல்ல. ஹாஜி ரசூலின் மகன் ஹம்கா 1938இல் எழுதிய 'வான் டெர் வைக் கப்பலின் மூழ்கல்' நாவலை எண்ணிப் பார்ப்போம். நாயகன் ஜைனுதீனின் தந்தை மினாங்கபாவ். சொத்துத் தகராறில் தாய்மாமனைக் கொன்று நாடு கடத்தப்பட்டவர். தாய் சுலவேசிப் பெண். தந்தையின் ஊரைத் தேடிவரும் மகனுக்கு அங்கே இடமில்லை. தாய் அந்த மண்ணினள் அல்லள் என்பதால் அவன் குலமற்றவன். அவன் நேசித்த ஹயாத்தியை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். தந்தை ஃபிக்ஹின் மொழியில் காத்த வழக்கத்தை மகன் நாவலின் மொழியில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். இருவருமே ஆலிம்கள். ஒரு நாகரிகம் தன்னோடு தானே வாதிடுவதன் அழகு இது. தமிழிலும் இந்த வாதம் இல்லாமலில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் கடலோரக் கிராமத்தில் பரம்பரையும் மரபும் முதலாளியின் கைத்தடியாக மாறுவதை நாம் வாசித்திருக்கிறோம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வேறொரு நிலத்து வீட்டைப் பற்றியது. ஆயினும் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதும் வீட்டின் திறவுகோல் அவள் கையில் இருப்பதும் வேறுவேறு என்று அதை வாசித்த நமக்குத் தெரியும்.

மகளுக்கு வீடு என்பது காலப்போக்கில் மணமகனின் விலையாகவும் மாறியிருக்கிறது. நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் வளைகுடாவில் உழைத்து ஒவ்வொரு தங்கைக்கும் சுவர் எழுப்புகிறார்கள். கட்ட இயலாத ஏழைக்கு மாப்பிள்ளை இல்லை. மார்க்கத்தில் மஹர் மணமகன் கொடுக்க வேண்டியது; கைக்கூலி அதற்கு எதிர்த்திசையில் பாய்கிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம் 'கைக்கூலி' என்ற நம் சொல்லையே எடுத்தாண்டு, மனைவி அதைத் திரும்பக் கேட்க வழிசெய்தது. வழக்கத்தின் ஒரு தீங்கைச் சட்டம் ஒழிக்காமல், அதிலிருந்து பெண்ணைச் சற்றே காக்க முயன்றது என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் வழக்கத்தைக் காப்பவரும் கண்டிப்பவரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில் வீடு மூன்றாவது வழியில் பறிபோனதை யாரும் கவனிக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளில் வீடுகளைத் துடைத்தெறிந்தது. பெண்களின் பெயரில் இருந்த வீடுகள் அவை. பின்னர் அரசும் உதவி அமைப்புகளும் புது வீடுகள் தந்தபோது விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. உறுதிப் பத்திரமும் அவன் பெயரில் வந்தது. ஷரீஅத்தின் பெயரால் எந்த ஆலிமும் கேட்டு அது நடக்கவில்லை. தாய்வழி வழக்கம் முஸ்லிமுக்கும் அயலில் வாழும் தமிழருக்கும் அங்கே பொதுவானது, இழப்பும் பொதுவாயிற்று. சுமத்ராவில் படையெடுப்பால் முடியாததைக் கிழக்கிலங்கையில் ஓர் அலுவலகப் படிவம் செய்து முடித்தது.

ஆகவே நாம் கேட்க விரும்புவது ஒரு வழக்கம் அரேபியாவில் இருந்ததா, இந்த மண்ணில் முளைத்ததா என்பதை அல்ல. அது யார் தலைக்குமேல் கூரையாக இருக்கிறது, யார் தோள்மேல் சுமையாக இருக்கிறது என்பதைக் கேட்கிறோம். தாய்வழி வீட்டை மார்க்க விரோதம் என்று அகற்ற விரும்புபவர், அதே மூச்சில் மஹரையும் மகளின் வாரிசுப் பங்கையும் முழுமையாகக் கொடுக்க முன்வருகிறாரா? வீட்டை நம் பண்பாடு என்று கொண்டாடுபவர், 'உனக்குத்தான் வீடு தந்துவிட்டோமே' என்று சொல்லி அவளுடைய பங்கை மறுக்காமல் இருக்கிறாரா? இரு கேள்விகளுக்கும் நம் ஊர்களில் கிடைக்கும் விடை பெரும்பாலும் மௌனமே. வழக்கம் தந்ததை மார்க்கத்தின் பெயராலும், மார்க்கம் தந்ததை வழக்கத்தின் பெயராலும் இழந்து நிற்பவள் ஒருத்தியே.

காயலிலும் காத்தான்குடியிலும் நடக்க வேண்டிய இந்த வாதத்தை அங்குள்ள பெண்கள்தாம் முடித்துவைக்க வேண்டும். ஹிபாவும் வக்ஃபும் உர்ஃபும் அவர்களுடைய மரபின் கருவிகளே. வெளியிலிருந்து யாரும் புதிதாக எதையும் தர வேண்டியதில்லை. அவர்களுடைய நாவல்களையும் நினைவுக் குறிப்புகளையும் வாசிக்கும் நாம் செய்யக்கூடியது சிறிது. அந்த வீடுகளை அதிசயமாகவோ எச்சமாகவோ பார்ப்பதை நிறுத்தலாம். இபின் பதூதா வலாத்தாவில் கண்டதை எழுதிவைத்தார்; அந்த ஊர்ப் பெண்ணொருத்தியிடம், இந்த வழக்கத்தைப் பற்றி உன் எண்ணம் என்ன என்று கேட்டதாக எழுதவில்லை. நாம் கேட்கலாம்.